மூத்த அருணா

நாற்காலி மறுபடியும் ஈரமாக இருந்தது.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்த அருணாதேவி சுடிதாரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "சனியனே" என்று அந்த நாற்காலியைத் திட்டினாள். இந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். மழை இருக்கிறதோ இல்லையோ, அவ்வப்போது இந்த ஒரு நாற்காலியின் மெத்தை மட்டும் நனைந்து கிடக்கும். ஏசித் தண்ணி சொட்டுது என்பார் முதலாளி மூர்த்தி சார். ஒரு பழைய பேப்பரை எடுத்து அதன்மேல் விரித்து, "உக்காரும்மா, ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏசி இருந்ததோ எதிர்ச் சுவரில். அங்கிருந்து இங்கே சொட்ட வேண்டுமானால் தண்ணீருக்குக் கால் முளைக்க வேண்டும். சம்பளம் கொடுக்கிறவரிடம் இதையெல்லாம் யார் வாதாடுவது? அவளும் ஒரு பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் ஊர் ஊராக இருக்காது. வேலூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்களை வேங்கிக்காலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட, ஜனங்கள் பையும் பிள்ளையுமாக இறங்கி, நனைந்தபடியே மலை சுற்ற நடந்துகொண்டிருந்தார்கள். ரோட்டில் ஆட்டோ கிடையாது, பைக் கிடையாது. அலுவலகம் மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. மூர்த்தி சார் அன்னதானத்துக்கு அண்டா தூக்கப் போயிருந்தார். சாயங்காலம் வந்து விளக்கையும் ஏசியையும் அணைத்து ஷட்டரை இழுப்பதாக ஏற்பாடு. ஐப்பசி மழை விட்டபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் அடைத்துக்கொண்டிருந்ததால் பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

எல்லோரும் போன பிறகும் அருணாதேவி தங்கியதற்கு ஒரு வீடியோதான் காரணம்.

அவள் மகள் கீர்த்தனாவுக்கு இப்போது நான்கு வயது. வாயை மூடாமல் பேசும் அந்தப் பிள்ளை, பேச்சே வராத காலத்தில் வாளித் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு, எதிரே போனைப் பிடித்திருந்தவளை அண்ணாந்து பார்த்து முதல் தடவையாக "ம்மா" என்றாள். ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் இளஞ்செழியன் அதைப் போனிலேயே பார்த்து அழுதான். அப்புறம் அந்தப் போன் செத்துப்போனது. நல்லவேளையாக அதற்கு முன்னால் வீடியோவை அலுவலக லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தாள். போன வாரம் அந்த லேப்டாப்பும் மண்டையைப் போட்டது. இனி அந்த "ம்மா" இருப்பது ஒரே இடத்தில், பக்கத்து அறையில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் பேக்கப் சர்வரில்.

அவர்கள் செய்யும் தொழிலே அதுதான். ஊரில் இருக்கும் ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடம், அரிசி மண்டி என்று பலருடைய கம்ப்யூட்டர்களில் உள்ளதையும், கூடவே தங்கள் சொந்த லேப்டாப்புகளில் உள்ளதையும் தினமும் நகலெடுத்துப் பத்திரமாக வைப்பது. நகல் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஃபைல் எந்த மூலையில் கிடக்கிறது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதன் பெயரில் ஓர் இன்டெக்ஸ் வைத்திருக்கும். பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதற்கு அதே பெயரை வைத்தால் சர்வர் ஏமாறாது. இது வேற ஆள் என்று புது எண் கொடுத்துவிடும். பெயர் ஒன்று, ஆள் இரண்டு. அப்போது இரண்டு இன்டெக்ஸையும் ஒன்றாகச் சேர்த்தாக வேண்டும். ஒரு எண் நிற்கும், மற்றது அதற்குள் கரைந்துபோகும்.

அவள் திரையில் இப்போது அருணா என்ற பெயர் இரண்டு தடவை இருந்தது.

அவள் எதிர்பார்த்ததுதான். புது லேப்டாப்பை அவளே அமைத்து, கொஞ்சமும் யோசிக்காமல் 'அருணா' என்று பெயர் வைத்திருந்தாள். வழக்கமாக இதையெல்லாம் செய்கிற ஜியாவுல்லா பாய், தம்பி மகன் பாசிலின் கல்யாணத்துக்காக ஆரணிக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அருணாதான். அந்த மனுஷர் மட்டும் என்னவோ பிடிவாதமாகத் தேவி, தேவி என்றே கூப்பிடுவார். ஆக, இரண்டில் இளையது புது லேப்டாப், மூத்தது செத்துப்போன பழையது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மலையின் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத வீடு இல்லாத ஊர் இது. தெருவில் நின்று அருணா என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஊர்க்காரிக்கே அந்த யோசனை வராமல் போனதுதான் தலையெழுத்து.

எதை நிறுத்துவது, எதைக் கரைப்பது என்று மென்பொருள் கேட்டது. அதற்கு அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. "மூத்தத வச்சிக்கினு இளையத அதுல கொட்டு" என்பார் மூர்த்தி சார். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பேரை மேலே போடுகிற மாதிரி அவருக்கு அது ஒரு நியாயம். அருணாதேவியும் மூத்ததைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டும் ஒரே ஆள்தானா, சேர்த்த பிறகு பிரிக்க முடியாது என்று மென்பொருள் இன்னொரு தடவை எச்சரித்தது.

ஆமாம் என்று அழுத்தினாள்.

பச்சைக் கோடு ஒன்று திரையில் மெதுவாக ஊர்ந்தது. பக்கத்து அறையில் சர்வர்களின் இரைச்சல் ஏதோ மூச்சுப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிடத் தணிந்த குரலில் தொடங்கியது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. பாசியும் சேறும் கலந்து, வெகுநாள் தேங்கிய தண்ணீரைக் கலக்கினால் வருமே, அந்தக் கெட்ட வாசனை. கீழே டைல்ஸ் கடைக்காரன் சாக்கடையைத் திறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கீழே கடை காலையிலிருந்தே பூட்டிக் கிடப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கோடு ஓடி முடிந்தது. இப்போது ஒரே ஒரு அருணா.

ஆசை ஆசையாகப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். முதல் படத்தில் ஓர் ஆண் குழந்தை சிரித்தது.

அவளுக்கு அந்தக் குழந்தையைத் தெரியாது. அடுத்த படத்திலும் அவன்தான். பல் முளைக்காத வாய், நெற்றியில் பெரிய மை. இன்னும் கொஞ்சம் வளர்ந்து, ஒரு பச்சை நிறக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தான். அந்தக் கேட்டை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். வேங்கிக்கால் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பீபி ஜான் வீட்டுக் கேட் அது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பீபிம்மா. கீர்த்தனாவும் இந்த நேரத்தில் அங்கேதான் இருந்தாள்.

யாரோ தெரிந்தவர் வீட்டுப் படம் கலந்துவிட்டது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு கீழே இறங்கினாள். போன வாரம் புது லேப்டாப்பில் ஏற்றிய கீர்த்தனாவின் படங்கள் வரத் தொடங்கின. ஒன்று அந்தப் பையன், ஒன்று கீர்த்தி. மறுபடி பையன், மறுபடி கீர்த்தி. சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்டது போல மாறி மாறி வந்தார்கள். இன்னும் கீழே போகப் போகப் பையன் குறைந்துகொண்டே வந்தான். பிறகு அவன் இல்லவே இல்லை. அவன் நின்ற இடத்தில், அதே பச்சைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கீர்த்தனா நின்றாள்.

மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

கீர்த்திக்கு மஞ்சளில் ஸ்வெட்டரே கிடையாது. அருணாதேவி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னால் எங்கோ 'சொட்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஏசிக்குக் கீழே தரை உலர்ந்துதான் இருந்தது.

ஜியாவுல்லா பாய்க்குப் போன் போட்டாள். கல்யாண வீட்டின் பாத்திரச் சத்தமும் சிரிப்பும் காதில் மோதியபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இன்னாம்மா தேவி, பௌர்ணமி அன்னைக்கி ஆபீஸ்ல இன்னா பண்றே? புள்ளைய கூட்டிக்கினு நேரத்தோட வீட்டுக்குப் போறத விட்டுட்டு?"

"பாய், சர்வர்ல இன்னொரு அருணா இருந்துச்சில்ல, அது என் பழைய லேப்டாப்புதானே?"

பாத்திரச் சத்தம் விலகிப் போனது. வெளியே நடந்து போகிறார் என்று தெரிந்தது.

"இல்லம்மா. உன்னுதுக்கு நான் தேவின்னு பேர் வச்சிருந்தேன். கீழ தேடு, இருக்கும்."

தேடினாள். இருந்தது. இத்தனை நாள் அவள் கண்ணில் படாமல், பட்டியலின் அடியில், தேவி.

"அப்போ அந்த அருணா யாரு பாய்?"

"உனக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்த பொண்ணும்மா. அதும் பேரும் அருணாதான். நல்ல பொண்ணு. நீ பயப்படுவேன்னு யாரும் உன்கிட்ட சொல்லல. அந்தப் பேர இன்னொரு பொண்ணுக்கு வைக்க எனக்கு மனசு வரல. அதான் உன்னக்கூட தேவின்னே கூப்பிடுறேன். அழிச்சிடுன்னு சார் எவ்வளவோ தடவ சொன்னாரு. நான்தான் விட்டு வச்சேன். அதோட புள்ள போட்டோ எல்லாம் அதுலதானே இருக்குது."

"அவங்களுக்கு இன்னா ஆச்சி?"

"இதே மாதிரி ஒரு பௌர்ணமிம்மா. நல்ல மழ. மெயின் ரோட்ட மறிச்சிட்டாங்கன்னு ஏரிக்கரை மேலயே ஸ்கூட்டில போயி, பீபி ஜான் வீட்ல இருந்து புள்ளைய ஏத்திக்கினு வந்துது. வளைவுல எதிர்ல லாரி. ஒதுங்குனதுல வண்டி வழுக்கி ஏரிக்குள்ள போயிடுச்சி. அம்மாவும் போச்சி, புள்ளையும் போச்சி. மஞ்ச ஸ்வெட்டர் ஒண்ணு மேல மிதந்துச்சி. அத வச்சிதான் எடத்தையே கண்டுபுடிச்சாங்க. இத ஏன் இப்ப கேக்குறே? இன்னாம்மா பண்ணே?"

"ரெண்டையும் சேர்த்துட்டேன் பாய்."

"எத வச்சே?"

"மூத்தத."

"யா அல்லா" என்றார் அவர், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல.

"பிரிக்க வழியே இல்லையா பாய்?"

"உனக்குத் தெரியாததா? சேர்த்தது சேர்த்ததுதான். வேணும்னா மொத்தமா அழிக்கலாம். அழிச்சா ரெண்டும் போயிடும்மா. நீ ஒண்ணும் தொடாத, நான் நாளைக்கி வந்து..."

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் மழையில் கொரகொரவென்று சத்தம்தான் வந்தது.

இதெல்லாம் வெறும் ஃபைல்தானே, செத்தவளுடைய படமும் உயிரோடு இருக்கிறவளுடைய படமும் கலந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று அருணாதேவி வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். அந்த வெறும் அறையில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. போதும், வீடியோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கிளம்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடினாள். மூடும்போது, பக்கத்தில் சர்வரைக் கண்காணிக்க வைத்திருந்த கம்ப்யூட்டரின் திரை கண்ணில் பட்டது.

'அருணா: சேமிப்பு நடைபெறுகிறது.'

அவள் லேப்டாப் மூடியிருந்தது. போதாததற்குப் பின்னாலிருந்த கேபிளையும் பிடுங்கினாள். சேமிப்பு நிற்கவில்லை. எங்கிருந்தோ, அருணா என்ற பெயரில், புதிதாகப் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

முதல் படத்தில் இந்த அலுவலகத்தின் மாடிப்படி. படிக்குப் படி ஈரமான காலடி, இறங்கிப் போகிற காலடி. அடுத்தது கீழே வாசல், டைல்ஸ் கடையின் பூட்டு. அடுத்தது மழை. மழைக்குள் ஏரிக்கரை. தூரத்தில் குடை பிடித்த ஜனங்கள், ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்தது வருவதற்குள் அவள் போனைக் கையில் எடுத்திருந்தாள்.

பச்சைக் கேட்.

இரண்டு தடவை தவறான எண்ணை அழுத்தினாள். மூன்றாவது தடவை பீபி ஜான் எடுத்தாள்.

"பீபிம்மா, கீர்த்தி... கீர்த்திய வெளிய விடாதீங்க. யார் வந்தாலும் விடாதீங்க."

"இன்னா கண்ணு சொல்றே? இப்பதானே நீ வந்து கூட்டிக்கினு போனே?"

"நான் வரல பீபிம்மா."

"வெளையாடாத அருணா. தொப்பலா நனஞ்சி நின்னே, துண்டு குடுத்தேன், வாங்கல. ஒரு வார்த்த பேசல. என்னாடி கோவம்னு நானே கேட்டேன். உன்னப் பாத்ததும் பாப்பா அம்மா அம்மான்னு ஓடியாந்து கால கட்டிக்கிச்சே. ஸ்வெட்டர்கூட நீயே போட்டு விட்டே."

அருணாதேவி போனைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். வாடிக்கையாளர்களின் தகவல் இருக்கிற இடம் என்பதால் உள்ளே வரவும் வெளியே போகவும் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். வைத்தாள். தினமும் நன்றி சொல்கிற அந்தப் பெண் குரல் இன்று வேறு சொன்னது.

"அருணா. நீங்கள் ஏற்கெனவே வெளியே சென்றுவிட்டீர்கள்."

மறுபடி வைத்தாள். அதே குரல். வேறு விரல். அதே குரல். கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்தாள், நாற்காலியைத் தூக்கி அடித்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். கீழே போகிற கூட்டத்தின் அரோகரா சத்தத்தில் அவள் கத்தல் கரைந்துபோனது. கணவனைக் கூப்பிட்டாள். அவன் வேறொரு அழைப்பில் இருக்கிறான் என்றது போன். யாரோடு பேசுகிறான்? யார் அவனைக் கூப்பிட்டது?

திரையில் படங்கள் வந்துகொண்டிருந்தன.

கீர்த்தியின் முகம். கிட்டத்தில். மழைத்துளி படிந்த கண்ணிமை. யாரையோ அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள்.

ஸ்கூட்டி. முன்னால் நிற்கிறாள் கீர்த்தி. மஞ்சள் ஸ்வெட்டர்.

அவள் தோளில் ஒரு கை. வெளுத்து, ஊறிப்போன கை. நகத்துக்குள் பாசி.

ஏரிக்கரை. இருட்டிய தண்ணீர்.

தூரத்தில் வளைவு.

அழிக்கத்தான் முடியும். அழித்தால் இரண்டும் போய்விடும். ஜியாவுல்லா பாய் சொன்னது ஃபைல்களை. அருணாதேவிக்கு இப்போது அது ஃபைல் சமாசாரமாகப் படவில்லை. கரைந்துபோன இளையது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஒரே அருணாவைத் துடைத்தால் அதில் யார் யாரெல்லாம் போவார்கள் என்றும் புரிந்துவிட்டது. அவள் கை ஒரு கணம் நின்றது. கீர்த்தியை அவள் அடித்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள், இன்று காலைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பிடித்துத் தள்ளினாள். அந்தப் பிள்ளை கேட்டுக்குள் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

அடுத்த படம் வந்தது. வளைவு கிட்டத்தில். எதிரே வெள்ளையாய் இரண்டு வெளிச்சம்.

'அருணாவை நிரந்தரமாக அழிக்கவா?'

"என் புள்ளைய விட்டுடுடி" என்று கத்திக்கொண்டே அழுத்தினாள்.

படங்கள் நின்றன. சர்வர் இரைச்சல் நின்றது. அரோகராச் சத்தமும் மழையும்கூட நின்றுபோனதாக அவளுக்குத் தோன்றியது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. திரையில் அருணா என்ற பெயர் எங்கும் இல்லை.

போனை எடுத்து மறுபடி பீபி ஜானைக் கூப்பிட்டாள்.

"கீர்த்தி... கீர்த்தனா இருக்காளா?"

"இருக்குதே. இப்பதான் தூங்கி எழுந்துச்சி. பால் குடிச்சிக்கினு இருக்குது. யாரு பேசுறது?"

அருணாதேவி தரையில் அப்படியே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறாள். பால் குடிக்கிறாள். வேறென்ன வேண்டும்?

"நான்தான் பீபிம்மா. அருணா."

"எந்த அருணா?"

"கீர்த்தியோட அம்மா."

இப்போது பீபி ஜானின் குரலில் கோபம் இருந்தது. "யாரும்மா நீ? தாயில்லாப் புள்ளைய வச்சி வெளையாடுறே? அதுக்கு அம்மா இல்ல. அவங்கப்பா வந்து கூட்டிக்கினு போவாரு."

பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. பால் ஒட்டிய வாயின் குரல். "யாரு பீபிம்மா?"

"ராங் நம்பர் கண்ணு. நீ குடி."

போன் அணைந்தது. எத்தனை அழுத்தியும் அதன் திரையில் வெளிச்சம் வரவில்லை. கம்ப்யூட்டரிடம் போனாள். பட்டியலின் அடியில் தேவி இன்னும் இருந்தது. அதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு "ம்மா"வும் இருந்தன. மவுஸைப் பிடித்தாள். அவள் கை அசைந்தது, மவுஸ் அசையவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூர்த்தி சார் கக்கத்தில் குடையும் ஒரு கையில் காதோடு ஒட்டிய போனுமாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"தேவியா? யாரு தேவி? கல்யாண வீட்ல இன்னாத்தயாவது கனவு கினவு கண்டியா பாய்? அந்த அருணா போனதுல இருந்து இந்த சீட்டு காலியாத்தானே கெடக்குது."

"சார்!" என்று அலறிக்கொண்டு அருணாதேவி அவர் முன்னால் போய் நின்றாள். சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் லேசாகத் தோளைக் குலுக்கிக்கொண்டு, "இன்னா குளுரு" என்றார். திறந்த கதவைப் பார்த்ததும் அவள் ஓடினாள். வாசலைத் தாண்டினாள். தாண்டிக் கால் வைத்த இடத்தில் மாடிப்படி இல்லை. அந்த நாற்காலி இருந்தது.

மூர்த்தி சார் குனிந்து நாற்காலியின் மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எப்பப் பாரு ஈரம்" என்று முணுமுணுத்து, மேசையிலிருந்த செய்தித்தாளை எடுத்து அதன்மேல் விரித்தார். ஏசியை அணைத்தார். விளக்கை அணைத்தார். கதவு சாத்திக்கொண்டது. கீழே ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

சர்வர் அறையின் பச்சை விளக்குகள் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் தந்துகொண்டிருந்தன. அருணாதேவி சுவரோரம் ஒடுங்கி நின்றாள். ஏரிச் சேற்றின் வாசனை மெல்ல எழுந்தது. நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. செய்தித்தாள் சரசரத்து அழுந்தியது. ஈரம் அதில் மெதுவாக ஊறிப் பரவத் தொடங்கியது. பாதி வரை பரவியது. அங்கேயே நின்றது.

நாற்காலி இன்னொரு தடவை கிரீச்சிட்டது. யாரோ இடம் விட்டு ஓரமாகத் தள்ளி உட்கார்கிற சத்தம்.

பேப்பரின் மறுபாதி காய்ந்தே இருந்தது.